1200 பேரை அழைத்தோம், 1493 பேர் வந்தார்கள்: பினாங்கில் ஒரு நெட்வொர்க் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

என் நெட்வொர்க் வகுப்பின் முதல் அணி படிப்பை முடித்துப் போன மூன்றாவது வாரம். அதில் படித்த பையன் ஒருவன் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தான். அவன் சித்தப்பாவின் சாப்பாட்டுக்கடையில் பில் அடிக்கும் பிரிண்டர் திடீரென்று நின்றுவிட்டது. "என்னென்ன செஞ்சு பார்த்த?" என்று கேட்டேன். டிரைவரை இரண்டு தடவை அழித்துப் போட்டிருக்கிறான். அதுவும் சரிவராமல் விண்டோஸையே புதிதாகப் போட்டிருக்கிறான். மூன்று மணி நேரம் போய்விட்டது, கடையில் பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நெட்வொர்க் செய்யும் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டுவது ஓஎஸ்ஐ மாதிரி. அதன் ஏழு அடுக்குகளைக் கீழிருந்தும் மேலிருந்தும் தடுமாறாமல் சொல்வான் அந்தப் பையன். என் தேர்வில் முதலாவதாக வந்தவன். கோளாறோ சின்னது. பிரிண்டருக்குக் கையால் போட்டுவைத்திருந்த ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணை, ரவுட்டர் புதிதாக வேலைக்கு வந்தவரின் போனுக்கும் கொடுத்திருந்தது. அந்தப் போனில் வைஃபையை அணைக்கச் சொன்னேன். பில் அடித்தது.

பிழை அவனுடையது இல்லை. அடுக்குகளை நான் பெயர்ப் பட்டியலாகக் கொடுத்தேன், அவனும் பட்டியலாகவே வாங்கிக்கொண்டான். கோளாறு வந்த நேரத்தில் அந்தப் பட்டியலை வைத்து எதை முதலில் தொடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு இரண்டாம் அணிக்குப் பாடத்தை எப்படி மாற்றினேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடமும் ஆட்களும்

வகுப்பு நடப்பது ஜெலுத்தோங்கில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில். சனிக்கிழமை காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, மொத்தம் 14 வாரம். இரண்டாம் அணியில் 11 பேர். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏழு பேர். மற்ற நால்வரும் பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலை வேலையில் இருப்பவர்கள். இரவு ஷிப்ட் முடித்து, பசியாறிவிட்டு நேராக வகுப்புக்கு வருவார்கள். நானும் வாரநாளில் பாயான் லெப்பாஸில்தான் இருக்கிறேன், ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியது 1972-ல். இண்டெல் பினாங்குக்கு வந்ததும் அதே ஆண்டுதான். என் மாணவர்களில் பலருக்கு அம்மாவோ அத்தையோ அங்கே மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அந்தச் சில்லுகளைச் செய்த கைகள் நம் வீடுகளில் இருந்தன. அவை ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்ற படிப்பு மட்டும் வீடு வந்து சேரவில்லை. நான் சனிக்கிழமைகளைக் கொடுப்பதற்கு அதுதான் காரணம்.

மொழியையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறியவர்கள். நெட்வொர்க் என்றதும் ‘ரங்கையான்’ என்பதுதான் முதலில் வாயில் வரும், அடுக்கு என்றால் ‘லாபிசான்’. நான் ‘நெறிமுறை’ என்றபோது யாரும் அசையவில்லை. "ரெண்டு பேர் முன்கூட்டியே ஒத்துக்கிட்ட பேச்சுமுறை" என்று விளக்கினேன். அப்புறம் அந்தச் சொல் தானாகவே ஒட்டிக்கொண்டது. எந்தச் சொல்லையும் நான் திருத்தவில்லை. நெட்வொர்க்கில் தகவல் போகும் சிறு துண்டைப் பேக்கெட் என்றவரும் இருந்தார், பொட்டலம் என்றவரும் இருந்தார். இரண்டும் புரிந்தது.

பெயருக்குப் பதிலாக வாக்கு

மாற்றம் ஒன்றுதான். ஒவ்வோர் அடுக்கையும் அதன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துவதை விட்டேன். அது மேலடுக்குக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது, எதற்கு வாக்குக் கொடுக்கவில்லை என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்கினேன். கேபிளில் ஓடும் அடுக்கான ஈத்தர்நெட், தான் அனுப்பும் ஒவ்வொரு துண்டின் (சட்டகத்தின்) கடைசி 4 பைட்டில் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைக்கிறது. வழியில் கெட்டுப்போனதைத் தூக்கிப்போடுவேன் என்பது அதன் வாக்கு. திரும்ப அனுப்புவேன் என்று அது சொல்லவே இல்லை. அதன் மேலே, முகவரி பார்த்துப் பொட்டலத்தைக் கடத்தும் ஐபி, கொண்டுபோகப் பார்க்கிறேன் என்கிறது, அவ்வளவுதான். பொட்டலம் தொலையலாம், இரண்டாக வரலாம், முன்பின்னாக வரலாம். ஐபிக்கும் மேலே இருக்கும் டிசிபி எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்ப்பேன் என்கிறது, எப்போது என்று மட்டும் சொல்வதில்லை.

இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் இதுவும் இன்னொரு பட்டியலாகிவிடும். ஆகவே ஒவ்வொரு வாக்கும் பொய்த்துப்போவதை அவர்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம், கேபிள் முனையில் பிளக் அடிப்பது. எட்டுக் கம்பிகளையும் வைக்கும் நிற வரிசைக்கு டி568பி என்று பெயர்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியை ஏன் பிரித்து நடுவில் நீலத்தை வைக்கிறார்கள் என்று ஒரு மாணவர் கேட்டார். பதில் சொல்லாமல், ஜோடி ஜோடியாக நேர்வரிசையில், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துப் பார்க்கச் சொன்னேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. இரண்டு மீட்டர் கேபிளில் கோப்பும் ஓடியது. "இதுவும் சரிதானே சார்?" என்றார். அதே போல 40 மீட்டர் சுருளின் இரு முனையிலும் அடித்துக் கொண்டுவரச் சொன்னேன். டெஸ்டரில் மறுபடியும் எட்டு விளக்கு. ஆனால் லிங்க் வருவதும் போவதுமாக இருந்தது, கோப்பு ஊர்ந்தது.

பிளக்கின் மூன்றாவது, ஆறாவது ஊசிகளில் போகும் சமிக்ஞை ஒரே முறுக்கில் இருக்கும் இரண்டு கம்பிகளில் போக வேண்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்வது அப்படித்தான். நேர்வரிசையில் அடித்தால் அந்த இரண்டும் வெவ்வேறு முறுக்குகளில் போய் விழுகின்றன. கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும் மலிவு டெஸ்டருக்கு இது தெரியாது. திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பார்க்கும் பேக்கெட் டிரேசர் போன்ற சிமுலேட்டர்களை நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி. ஆனால் அதற்குள் இருக்கும் கேபிளை யாரும் தப்பாக அடிக்க முடியாது. முதல் வாரத்தைச் சிமுலேட்டருக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மூன்றாம் வாரம் அந்தச் சாப்பாட்டுக்கடைக் கோளாறையே வகுப்பில் உண்டாக்கினோம். இரண்டு லேப்டாப்புக்கு ஒரே ஐபி, மூன்றாவதில், போய்வரும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க். இந்த முகவரி யாருடையது என்று ஏஆர்பி கேட்கிறது, இரண்டு பேரும் ‘என்னுடையது’ என்கிறார்கள். 1982-ல் வகுத்த இந்த நெறிமுறை, பதில் சொல்பவர் உண்மையான ஆள்தானா என்று கேட்பதே இல்லை. முக்கால் மணி நேரத்தில் பாடம் முடிந்தது. முதல் அணிப் பையனை அன்றைக்குக் கூப்பிட்டிருந்தேன். திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கல்யாணப் பட்டியல்

பாடத்திட்டத்தின் நடுமையம் இதுதான், ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. டிசிபி செய்யும் வேலையை டிசிபி இல்லாமல், தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத யுடிபி நெறிமுறையின் மேலே, பைத்தான் நிரல்மொழியில் நீங்களே எழுதுங்கள் என்றேன். இரண்டு லேப்டாப்புக்கும் நடுவே நான் எழுதிய ஒரு சின்ன நிரல் ஓடும். எந்தப் பக்கம் போனாலும் ஐந்து பொட்டலத்தில் ஒன்றை அது குத்துமதிப்பாக விழுங்கிவிடும்.

எதை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது, கல்யாண அழைப்புப் பட்டியல் ஒன்றைக் கற்பனையாகத் தயாரிக்கலாம் என்றாள் ஒரு மாணவி. அவளுடைய மாமா பட்டர்வொர்த்தில் அச்சகம் வைத்திருக்கிறார், இப்படிப்பட்ட பட்டியல்களைப் பார்த்து வளர்ந்தவள். வரிக்கு ஒருவராக 1200 பேர். பெரியப்பா, தாய்மாமன், கோயில் தலைவர், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் என்று சிரிப்பும் சத்தமுமாக எழுதி முடித்தார்கள். ஒரு வரி, ஒரு பொட்டலம்.

முதல் முயற்சி, அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பது. சுமார் 960 பேர் வந்தார்கள். சரி, ‘வந்தது’ என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புவோம் என்று மாற்றினார்கள். இப்போது மறுமுனையில் 1493 பேர்.

தொலைவது புரிந்தவர்களுக்குக் கூடுவது புரியவில்லை. இருபது நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. ஷிப்டிலிருந்து நேராக வந்து கண் சிவந்திருந்த ஒருவர்தான் பிடித்தார்: "சார், ஆள் வந்துட்டாரு. ‘வந்தது’ன்னு சொன்ன பதில்தான் வழியில தொலைஞ்சுபோச்சு. நாம வரலைன்னு நெனச்சு மறுபடி அனுப்புறோம்." அதன் பிறகு கணக்குப் போட்டோம். ஐந்தில் நாலு பதில்கள்தான் திரும்பி வருகின்றன என்றால், ஒவ்வொரு வரியும் சராசரியாக ஒன்றேகால் தடவை போய்ச் சேரும். 1200-க்கு ஒன்றேகால் மடங்கு 1500. நடுவில் இருக்கும் நிரல் எவ்வளவு விழுங்குகிறது என்பதை, வந்த தலைகளை எண்ணியே சொல்லிவிடலாம்! அந்த நிமிடத்தில் அவர்கள் முகங்கள் மாறியதைப் பார்த்தபோது, பாடத்தை மாற்றியது சரிதான் என்று எனக்குப் பட்டது.

ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால் தெரியவேண்டும், அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். சுழியம், ஒன்று, சுழியம், ஒன்று என்று மாறி மாறிப் போட்டார்கள். 1200 அனுப்பினால் 1200 வந்தது. கைதட்டினார்கள். நான் நடு நிரலில் இன்னொரு குணத்தைச் சேர்த்தேன்: சில பொட்டலங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, கொஞ்சம் கழித்து விடும். மறுபடியும் சரியாக 1200. யாரும் எதையும் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் பட்டியலை வரி வரியாக ஒப்பிடச் சொன்னேன். பெரியப்பா இரண்டு இடத்தில் இருந்தார், தாய்மாமனைக் காணோம். கல்யாணத்தில் தாய்மாமன் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? நடந்தது இதுதான். சுழியம் போட்ட பெரியப்பா வரியின் பழைய நகல் ஒன்று வழியில் தாமதித்து, அடுத்த சுழியமான தாய்மாமனுக்காகக் காத்திருந்த நேரத்தில் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ‘சுழியம் வந்தது’ என்று பதிலும் போய்விட்டது. எண்ணிக்கை சரி, ஆள் வேறு. டிசிபியின் வரிசை எண்ணுக்கு ஏன் 32 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேகத்தையும் இதிலேயே பார்த்தோம். போய்வர 200 மில்லிவினாடி ஆகும்படி நிரலை வைத்தால், ஒன்றை அனுப்பி ஒன்றுக்குக் காத்திருக்கும் முறையில் வினாடிக்கு ஐந்து வரிதான் போகும். எதுவும் தொலையாவிட்டாலும் 1200 வரிக்கு நாலு நிமிடம். பத்து வரியை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அரை நிமிடத்துக்குள் முடிகிறது. சாளரம் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

பிறகு, வரிக்கு ஒரு பொட்டலம் என்பதை விட்டுவிட்டு 64 பைட் துண்டுகளாக வெட்டச் சொன்னேன். பெயர்கள் நடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டங்கள் வந்தன. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், ‘மா’ என்பது மகரமும் கால் குறியும் சேர்ந்து 6 பைட். 64-வது பைட்டில் வெட்டினால் எழுத்தின் இடுப்பில் கத்தி விழுகிறது. ஒருவர் 64-ஐ 63 ஆக்கினார். மூன்றால் வகுபடும் இல்லையா? கொஞ்ச தூரம் சரியாகப் போய் மறுபடி உடைந்தது, ஏனென்றால் இடைவெளிக்கு ஒரு பைட்தான். ஒவ்வொரு துண்டு வந்ததும் அதை எழுத்தாக மாற்றிப் பார்த்ததுதான் தவறு. பைட்டுகளை வந்தபடியே சேர்த்துவைத்து, எல்லாம் வந்த பிறகு மேலே எழுத்தாக்க வேண்டும். சுமந்துபோகும் அடுக்குக்கு உள்ளே இருப்பது தமிழா, படமா என்று தெரியவே கூடாது. நம் எழுத்தை வைத்தே அடுக்குப் பிரிவினையின் நியாயத்தைக் காட்ட முடிந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

டிசிபியை வடிவமைத்த வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-ல் வெளியிட்ட வடிவத்தில் டிசிபியும் ஐபியும் ஒரே நெறிமுறையாகத்தான் இருந்தன. 1978-ல் இரண்டாகப் பிரித்தார்கள். குரலை அனுப்பிப் பார்த்தவர்களுக்கு, தொலைந்த துண்டுக்காகக் காத்திருப்பதைவிட அதை விட்டுவிட்டு மேலே போவதே தேவைப்பட்டது. எல்லாப் பயணிக்கும் ஒரே வாக்கு பொருந்தாது என்பதால் வந்த பிரிவு அது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1983 ஜனவரி 1-ல் இந்த முறைக்கு மாறியது. இந்த வரலாற்றை முதல் அணிக்கு முதல் நாள் சொன்னேன், யாருக்கும் ஏறவில்லை. இரண்டாம் அணிக்குத் தாய்மாமன் தொலைந்த பிறகு சொன்னேன். "வாட்ஸ்அப் கால்ல குரல் விட்டு விட்டு வருதே, அது இதுதானா?" என்று கேள்வி வந்தது.

சரிவராதவை

ஒரு நெட்வொர்க்கின் முகவரிகளைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் பாடம் இரண்டாம் அணிக்கும் கசந்தது. காகிதத்தில் கணக்குப் போட வைத்தேன், இதற்கு உடைத்துப் பார்க்கும் வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை. ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-க்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. வைஃபைக்கு அதுவும் இல்லை. இன்றைக்கு வீட்டில் கேபிளே பார்க்காத பிள்ளைகளுக்கு வைஃபையைச் சொல்லாமல் அனுப்பியது பெரிய குறை.

பைத்தான் இன்னொரு சுமை. ஷிப்டில் வேலை செய்பவர்களில் இரண்டு பேர் நிரல் எழுதத் திணறி ஏழாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். ஒருவர் நன்றாக யோசிப்பவர், விரல்தான் பழகவில்லை. நிரல் தெரிந்தவரோடு தெரியாதவரை ஜோடி சேர்க்க வேண்டும் என்று எனக்கு எட்டாம் வாரம்தான் உறைத்தது. இரண்டு வாரம் முன்னால் செய்திருந்தால் அந்த இருவரும் இருந்திருப்பார்கள்.

அச்சகம்

கடைசித் திட்டப்பணி, வெளியே ஒரு உண்மையான இடத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துச் சரிசெய்வது. அந்த மாணவியின் மாமாவுடைய அச்சகத்துக்கே போனோம். அவர் சொன்ன குறை: "மெயில் எழுதினா போகுது சார். கார்டு டிசைன் வச்சு அனுப்பினா பாதியில நின்னுடுது. லைன் ஸ்லோன்னு சொல்றாங்க." லைன் ஸ்லோ என்றுதான் முன்பு வந்து பார்த்த இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் கீழிருந்து தொடங்கினார்கள். கேபிள் முனைகளைப் பிரித்து நிற வரிசையைப் பார்த்தார்கள், டெஸ்டரை மட்டும் நம்பவில்லை. ஏஆர்பி அட்டவணையில் இரட்டை இல்லை. மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் போனது. பெயரைக் கொடுத்தால் முகவரி வந்தது. இணையப் பக்கங்கள் திறந்தன. அப்புறம் அந்த மாணவி சொன்னாள்: "சின்னது போகுது, பெருசு போகலை. எந்த அளவுல நிக்குதுன்னு பார்ப்போம்."

வழியில் உடைக்கக் கூடாது என்ற குறியோடு பிங்கை விதவிதமான அளவில் அனுப்பினார்கள். 1400 பைட் போனது. 1472 போகவில்லை. நடுவே வெட்டி வெட்டி வந்தார்கள். 1464 போகிறது, 1465 போகவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, மௌனம்தான். ஒருத்தி விரலால் மேசைத் தூசியில் கூட்டினாள்: 1464-உடன், பொட்டலத்தின் முன்னால் ஒட்டும் ஐபி தலைப்பு 20, பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் ஐசிஎம்பி நெறிமுறையின் தலைப்பு 8, ஆக 1492. ஈத்தர்நெட்டில் 1500 போகவேண்டும்.

"எட்டு பைட்டைக் காணோம்" என்றாள் அந்த மாணவி. கல்யாணப் பட்டியலுக்கு அவள் எழுதிய தலைப்பும் எட்டு பைட்தான்: வரிசை எண்ணுக்கு 4, நீளத்துக்கு 2, சரிபார்ப்புக்கு 2. "நாம போட்ட மாதிரி நடுவுல யாரோ ஓர் உறை போடுறாங்க சார்."

போடுவது பிபிபிஓஇ. இங்கே வீட்டுக்கும் கடைக்கும் வரும் ஃபைபர் இணைப்புகளில் பரவலாகப் புழங்கும் நெறிமுறை. அதன் தலைப்பு 6 பைட், அதற்குள் போகும் பிபிபி நெறிமுறைக்கு 2. அது குற்றமில்லை. பெரிய பொட்டலம் வந்தால் ரவுட்டர் ‘இது பெரிது, 1492-க்குள் அனுப்பு’ என்று ஐசிஎம்பியில் திருப்பிச் சொல்ல வேண்டும், கணினி அளவைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் செய்தி ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. ரவுட்டருக்கும் கணினிகளுக்கும் நடுவே பழைய ஃபயர்வால் பெட்டி ஒன்று இருந்தது. எங்கள் சுவிட்சை அதன் முன்னும் பின்னும் மாற்றி வைத்து வயர்ஷார்க்கில் பார்த்தார்கள். வெளிப்பக்கம் அந்தச் செய்தி ஒவ்வொரு தடவையும் வந்து நின்றது, உள்பக்கம் ஒன்றுகூட இல்லை. பாதுகாப்புக்கு என்று யாரோ ஒருவர் பிங் பதிலைத் தவிர எல்லா ஐசிஎம்பியையும் தடுத்துவைத்திருந்தார். பிங் ஒழுங்காகப் போனதால் அத்தனை நாளும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடவுச்சொல் மாமாவின் கல்லாப்பெட்டி டைரியில் இருந்தது. அந்த ஒரு வகைச் செய்தியைத் திறந்துவிட்டார்கள். கூடவே டிசிபி துண்டின் உச்ச அளவை 1452 என்று வைத்தார்கள், அதாவது 1492-லிருந்து ஐபி, டிசிபி தலைப்புகள் இரண்டுக்கும் 40 கழித்து. மாமா ஒரு கல்யாண அழைப்பிதழ் டிசைனை இணைத்து அனுப்பினார். பட்டை பாதியில் நிற்காமல் கடைசிவரை ஓடியது. அவர் திரும்பி, "லைன் ஸ்லோ இல்லையாம்மா அப்ப?" என்றார். "லைன் எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு மாமா" என்றாள் அவள்.

கிளம்பும்முன் வெள்ளைத் தாளில் எழுதி அந்தப் பெட்டியின் மேல் டேப் போட்டு ஒட்டினாள். ‘ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுக்க வேண்டாம். 1492.’ அதன் கீழே அதையே மலாயிலும் எழுதி, தேதி போட்டிருந்தாள்.